நைனா பொட்டு வைத்த கிராபிக்ஸ் கார்டு

முப்பத்தைந்தைத் தாண்டிய கிழங்களே, கொஞ்சம் இப்படி உட்காருங்கள். கிழம் என்றதும் முறைக்க வேண்டாம். குண்டு மானிட்டரின் கண்ணாடியில் கையை ஒட்டவைத்து, ரோமம் நட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் இன்றைய தேதிக்குக் கிழங்கள்தாம். மவுசின் வயிற்றைத் திறந்து, ரப்பர் உருண்டையை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தவர்கள் இன்னும் பெரிய கிழங்கள். நான் இரண்டையும் செய்தவன். இப்போது என்னிடம் நட்டுக்கொள்ள ரோமம் அதிகமில்லை. சுகர் மாத்திரை இருக்கிறது.

நான் ஒன்பதாவது படித்த வருடம், எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வந்தது. விளையாட்டில் படம் விட்டு விட்டு வராமல் வழுக்கிக்கொண்டு ஓடவைக்கும் சாதனம். அது எங்கள் வீட்டில் ஒரு நொடிகூட ஓடவில்லை. அதோடு நின்றுபோனது கார்டு மட்டும் இல்லை என்பதால்தான் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறேன்.

எங்கள் வீடு காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் பின்சுவரை ஒட்டிய தெருவில் இருந்தது. பகல் முழுக்கப் பவர் பிரஸ் அடிக்கும் அதிர்வு தரை வழியாக வந்து, அடுப்படியில் கவிழ்த்துவைத்த டம்ளர்களை அங்குலம் அங்குலமாக நகர்த்தும். சத்தம் நின்றால் சாப்பாட்டு நேரம். எங்கள் நைனா, அதாவது அப்பா, அங்கே பிரஸ் ஆப்பரேட்டர். தகட்டை வைத்து, பெடலை மிதித்து, அடிபட்ட தகட்டை எடுத்துப் போடுகிற வேலை. அவர் சட்டையின் ஆயில் வாசனை எத்தனை துவைத்தாலும் போகாது. கல்யாணத்துக்குப் புதுச்சட்டை போட்டால் யாரோ விருந்தாளி வந்ததுபோல இருக்கும்.

நைனாவுக்குக் கைராசி என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. அவர் கைபட்டுத் தொடங்கிய எதுவும் நிற்காது என்று அர்த்தம். புது லேத் இறங்கினால் முதல் சந்தனப் பொட்டு நைனாதான் வைக்க வேண்டும். டீக்கடைக்காரர் புது பாய்லர் வாங்கினாலும் அவர்தான். ஒருவர் தன் மகளுக்கு வாங்கிய தையல் மெஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டி, எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். ஆயுத பூஜை அன்று நைனா குளித்து, வேட்டி கட்டி, ஷெட் ஷெட்டாகப் போய் வருவார். திரும்பி வரும்போது ஆள் சந்தனத்திலேயே செய்த பொம்மை மாதிரி இருப்பார்.

அந்த வருடம் மாசியில், அவர் பொட்டு வைத்து அவரே ஓட்டிய பிரஸ், அவருடைய வலதுகையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிள் கொண்டுவந்தார்கள். ஒருவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அவரே பொட்டு வெச்ச மெஷினு, அவரையே கடிச்சிட்ச்சி பாரேன்" என்றார். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைப்பு. பிரஸ் பக்கத்தில் இருபது வருடம் நின்றவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. உள்ளே கட்டிலில் இருந்த நைனா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பேச்சு, "தண்ணி", "போதும்", "லைட்ட நிறுத்து" என்று சுருங்கிவிட்டது.

அடுத்த மாதம் கம்பெனி முதலாளி காரில் வந்தார். டிக்கியில் ஒரு கம்ப்யூட்டர். ஆபீசில் ஓட்டித் தீர்த்தது. வெள்ளைப் பெட்டி மஞ்சளாகி, பழுத்த பல் நிறத்தில் இருந்தது. "பையன் படிக்கட்டும்" என்றார். அம்மா காபி கொடுத்து, கும்பிட்டு அனுப்பினாள். தெருவே எங்கள் முதலாளியைப் புகழ்ந்தது. இன்று அதை நினைத்தால் எனக்கு வேறு வார்த்தைகள் வருகின்றன. அன்றைக்கு நானும் புகழ்ந்தவன்தான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்று, "எங்க நைனாவுக்கு வெரலு போச்சி, எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சி!" என்று அறிவித்தேன். என் அறிவின் உயரம் அந்த பெஞ்சோடு முடிந்தது.

படித்தேனா? கார் ரேஸ் சிடி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டேன். எங்கள் பெட்டிக்கு அந்த விளையாட்டைத் தாங்கும் வயது கடந்திருந்தது. கார் கிளம்பும், நிற்கும், அடுத்து இருபதடி தள்ளித் தெரியும், மறுபடி நிற்கும். வளைவு வரும்போது நான் ஏற்கெனவே சுவரில் இருப்பேன்.

ஒரு நாள் பின்னால் ஒரு குரல். "இன்னாடா இது, காரு தவ்வித் தவ்விப் போவுது? தவக்களையா?"

திரும்பினால் நைனா. நான்கு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம். அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே போட்டாள்.

"பெட்டிக்கு வயசாயிட்ச்சி நைனா. படம் அதுல வேகமா ஓடாது."

"தள்ளு" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். இடதுகையை அம்புக்குறிப் பொத்தான்கள் மேல் வைத்தார். முதல் வளைவில் மோதினார். இரண்டாவதிலும் மோதினார். மூன்றாவதைத் தாண்டிவிட்டு என்னைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வையை நான் எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

அப்புறம் தினமும் வந்தார். ஓட்டிக்கொண்டே பேசினார். கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிள் மிதித்துச் சோழவரத்துக்கு மோட்டார் ரேஸ் பார்க்கப் போனதை அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

"வண்டி வர்றதுக்கு முந்தி சத்தம் வரும்டா. நெஞ்சுக்கூட்டுல வந்து குந்திக்கினு அதிரும். அப்பால வண்டி. கண்ணு சிமிட்டுனா போச்சி. டயரு தீயற வாசன மட்டுந்தான் கீது, வண்டி எங்கயோ போய்க்கினு கீது."

"இதுல அப்டி ஓடாதா?" என்று அவரே கேட்டார்.

"கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டா ஓடும் நைனா."

உண்மையில் கார்டு கேட்டது எனக்காக. துப்பாக்கி சுடும் புது விளையாட்டு ஒன்று வந்திருந்தது. நைனாவின் சோழவரத்தை நான் முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பாலையில் எலக்ட்ரீஷியன். நைனா அவருக்குப் போன் போட்டு, "பையன் கார்டு கேக்கறான், எதுனா கீதா பாரு" என்று சொல்லிவிட்டார். கும்மிடிப்பூண்டியும் நாங்களும் ஒரே ஜில்லா. ஆனால் ரயிலில் வருவதென்றால் சென்னை மூர் மார்க்கெட் ஸ்டேஷன் வரைக்கும் போய், வண்டி மாறி, வந்த தூரம் மறுபடி வர வேண்டும். அப்படிச் சுற்றி வந்த மாமா பையிலிருந்து ஒரு பச்சைப் பலகையை எடுத்தார். என் முழங்கை நீளம். ஒரு பக்கம் செங்கல் சைசில் ஏதோ இருந்தது.

"இன்னா மாமா இது?"

"கார்டு. ஒங்க நைனா கேட்டாருல்ல? ஸ்கிராப்புல கெடந்துச்சி, கேட்டு வாங்கியாந்தேன்."

ஆலையில் மெஷினுக்குள் இருக்கும் எந்த மின்பலகையும் 'கார்டு'தான். மாமா கொண்டுவந்தது கிரேனுடையது.

"இது கம்ப்யூட்டர்ல போவாது மாமா."

"ஏன் போவாது? நாப்பது டன்னு தூக்கன கார்டுடா இது. ஒன் பொம்ம காரத் தூக்காதா?"

நைனா சிரித்தார். வாயைத் திறந்து, சத்தமாக. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, சிரிப்பதைப் பார்த்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அந்தக் கிரேன் கார்டை அப்போதே கம்ப்யூட்டர் மேல் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்த ஒரே கார்டு அதுதான்.

மாமா விடவில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் மறுபடி சுற்றிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை சரியான கார்டு. ஆலையின் டிராயிங் ஆபீசில் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. உள்ளங்கை அகலம், மேலே குட்டி விசிறி. அதை மூக்கில் வைத்து மோந்தேன். புது நோட்டுப் புத்தகமும் பழைய இரும்பும் கலந்த வாசனை.

"இப்பவே போட்டுர்றேன்" என்றேன்.

"நாளைக்குப் பூஜ. சாமிகிட்ட வெச்சி எடுத்தப்பால போடு" என்றாள் அம்மா.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆயுத பூஜையில் வைத்த பொருளை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலையில் மறுபடி கற்பூரம் காட்டி எடுத்த பிறகுதான் புத்தகமானாலும் சுத்தியலானாலும் கையில் எடுப்போம். படிக்காமலிருக்க ஒரு நாள் கிடைக்கிறதே என்று நான் ஆராதித்த பண்டிகை அது. அந்த வருடம் மட்டும் கசந்தது.

மறுநாள் காலை அரிவாள்மனை, ஸ்பேனர், சைக்கிள் பம்பு, என் புத்தகங்கள், நடுவில் மணப்பெண் மாதிரி கார்டு. அம்மா சந்தனக் கிண்ணத்தை நைனாவிடம் நீட்டினாள்.

"நீ வையி" என்றார் நைனா.

"நீதான்யா வெக்கணும்."

"வேணாம். என் கை தெரியும்ல?"

"கட்டவெரல் கீதுல்ல? ஊரு மெஷினுக்கெல்லாம் வெச்ச, புள்ளையிது ஒண்ணுத்துக்கு வெக்க மாட்டியா?"

நைனா என்னைப் பார்த்தார். "வெக்கட்டாடா?"

"வெய்யி நைனா."

வலதுகைக் கட்டைவிரலைச் சந்தனத்தில் தொட்டார். விரல் நடுங்கியது. கார்டைப் பெட்டியோடு சேர்த்து முடுக்குகிற இரும்புத் தகட்டின் மேல் ஒரு பொட்டு. பெரிய பொட்டு, காலணா அகலத்தில். நடுவில் குங்குமம். விபத்துக்குப் பிறகு அவர் வைத்த முதல் பொட்டு. வைத்துவிட்டு விரலை வேட்டியில் துடைக்காமல், அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குப் பார்ரா, காரு பறக்கப் போவுது" என்றார்.

மத்தியானம் கம்பெனிப் பூஜைக்கு நைனாவை அம்மா கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனாள். "காலைல ஒண்ணு வெச்சிட்டல்ல, வந்து நின்னா மட்டும் போதும்" என்று சொல்லியே கூட்டிப்போனாள். எனக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். என் வயிறு இப்படிப்பட்ட நேரங்களில் என்னைக் கைவிட்டதில்லை.

கார்டைப் பூஜையிலிருந்து எடுத்தேன். பெட்டியைத் திறந்து சொருகினேன். கார்டின் ஓரத்தில் நான்கு ஊசிகள் இருந்தன. பெட்டிக்குள் நான்கு கம்பி கொண்ட சின்னப் பிளக்கு ஒன்று தொங்கியது. அதிலிருந்துதான் கார்டுக்குக் கரன்ட். எந்தப் பக்கம் மேலே? யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் எடுத்தது தெரிந்துவிடும். வைத்தேன், போகவில்லை. அழுத்தினேன், போகவில்லை. பிரஸ் ஆப்பரேட்டர் மகனாயிற்றே என்று எழுந்து நின்று அழுத்தினேன். போய்விட்டது. தலைகீழாக.

ஸ்விட்சைப் போட்டேன். விசிறி ஒரு சுற்று சுற்ற ஆரம்பித்து நின்றது. சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம். நூல் மாதிரி புகை. பிளாஸ்டிக் ஸ்பூனை அடுப்பில் மறந்த நாற்றம்.

பிடுங்கி எடுத்தேன். கார்டின் பலகையில் துவரம்பருப்பு அளவுக்குக் கருகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், பயத்தில் உளுந்து வடை அளவுக்குத் தெரிந்தது. பெட்டியைப் பழையபடி மூடி ஓடவைத்துப் பார்த்தேன். அது சாகவில்லை, கிழட்டுத்தனமாக எப்போதும்போல ஓடியது. கார்டு மட்டும்தான் போயிருந்தது.

அப்போது நான் செய்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும். சந்தனக் கிண்ணத்தில் கட்டைவிரலைத் தோய்த்தேன். கருகிய இடத்தின் மேல் ஒரு பொட்டு வைத்தேன். நைனா வைத்தது போலவே காலணா அகலம், கொஞ்சம் கோணல். நடுவில் குங்குமம். விபத்துக்குப் பிறகு ரேங்க் கார்டில் அவர் கையெழுத்தை நானே போட்டுப் பழகியிருந்தேன். பொட்டு அதைவிட நன்றாக வந்தது. கார்டைப் பூஜையில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, நாற்றம் போக வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன்.

பொரிப் பொட்டலத்தோடு திரும்பிய அம்மா வாசலிலேயே நின்றாள். "தா பாருய்யா, ஒம்புள்ளைக்கு பக்தி வந்துட்ச்சி!"

மறுநாள் காலை கற்பூரம் காட்டிய கையோடு நைனா கார்டை எடுத்துக் கொடுத்தார். பொருத்துவதற்கு பிரவுசிங் சென்டர் அண்ணனை அவரே போய்க் கூட்டிவந்திருந்தார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அண்ணன் பிளக்கைச் சரியான பக்கம் பார்த்து, இரண்டு விரலால் மெல்லத் தள்ளினார். வெண்ணெயில் போவதுபோலப் போனது. ஸ்விட்சைப் போட்டார். பெட்டி நீளமாக ஒருமுறை கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார். மறுபடி கத்தியது.

கார்டை வெளிச்சத்தில் பிடித்தார். "பலக மேல சந்தனம் யாரு வெச்சது?"

அண்ணன் அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டினார்.

"ஈரம் உள்ள எறங்கி ஷார்ட் ஆயிட்ச்சி. தா பாரு, அடில கருகிக்கீது. இதுக்கெல்லாமா பொட்டு வெப்பாங்க, பேஜாரு."

"நான் ஒண்ணுதானே வெச்சேன்?" என்றார் நைனா. "தகட்டு மேல ஒண்ணு."

"ரெண்டு கீது பாருய்யா" என்றாள் அம்மா. "கை நடுங்குச்சில்ல. தெரியாம வெச்சிருப்ப. போவுது வுடு."

இப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் அடி. அதைவிட, பூஜையில் வைத்ததைத் தொட்டதற்கு அம்மா கண்ணாலேயே எரிப்பாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. என் வாழ்க்கையில் நான் உண்மை பேச ஒதுக்கிய நாட்கள் எல்லாமே நாளைகள்தான்.

நைனா தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அதற்கப்புறம் அவர் கம்ப்யூட்டர் பக்கம் உட்காரவில்லை. "வா நைனா, பழசுலயே ஓட்டலாம்" என்று கூப்பிட்டேன். "என் கை பட்டா அதுவும் போய்டும்" என்றார். கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குத் திரும்பினார். புது மெஷின் இறங்குகிற நாள் பார்த்து லீவு போட்டார். நான் முதல் பைக் வாங்கியபோது பொட்டு வைக்கக் கூப்பிட்டேன், குளிக்கப் போகிறேன் என்று பின்பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை. என் மகள் பிறந்தபோது, அவள் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீரைத் தாத்தாதான் தொட்டு வைக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். நர்ஸ் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே நின்றார். நைனாவின் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். "எனக்கு வேணாம்மா. வேற நல்ல கையா பாருங்க."

கடைசியில் அம்மா வைத்தாள். நான் வராந்தாவில் நின்று ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த தொழில் அது.

போன மாதம் நைனாவுக்குக் கண்புரை பார்க்கத் திருவள்ளூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர், மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு. எதிரே சுவரில் எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னதாகி, கடைசி வரி எறும்பு மாதிரி. என்ன தோன்றியதோ, ஆரம்பித்துவிட்டேன்.

"நைனா, அந்தக் கார்டு நெனப்பு கீதா?"

"அத்த ஏன்டா இப்ப."

"அது ஒன்னால போவல. நான்தான் மத்தியானமே எடுத்து, ஒயர தலைகீழா சொருவி எரிச்சிட்டேன். ரெண்டாவது பொட்டு நான் வெச்சது."

ஒன்று விடாமல் சொன்னேன். வயிற்றுவலி, புகை, சாம்பிராணி, எல்லாம். நைனா புரை விழுந்த கண்ணால் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"எனக்கோசரம் சொல்றியா நைனா?" என்றார். எங்கள் பக்கம் பாசம் பொங்கினால் அப்பனே பிள்ளையை நைனா என்பான்.

"இல்ல நைனா, நெஜமா."

"ரெண்டும் நான்தான்டா வெச்சேன். எனக்கு நல்லா நெனப்பு கீது. மொதல்ல தகட்டு மேல, அப்பால பலக மேல. கை நடுங்கிட்ச்சி." பக்கத்துப் பெரியவரிடம் திரும்பினார். "பாரு சார், இத்தினி வருசம் கழிச்சி என் மனசு நோவக்கூடாதுன்னு, பழியத் தன் தலைல போட்டுக்கறான்."

"இந்தக் காலத்துல இப்டி ஒரு புள்ளையா!" என்று பெரியவர் மூடிய கண்ணோடு நான் இருந்த திசையைக் கும்பிட்டார்.

எனக்கு வெறி வந்துவிட்டது. "எம்பொண்ணு மேல சத்தியம் நைனா. நான்தான் எரிச்சேன்."

மலர்ந்த முகம் அப்படியே கறுத்தது. என் தொடையில் ஓங்கி அடித்தார். கட்டைவிரல் மட்டும் உள்ள கையால். "புள்ள மேலயாடா பொய் சத்தியம் பண்ற? அறிவு கீதா ஒனக்கு? வாபஸ் வாங்கு."

"நைனா…"

"கொழந்தைக்கு ஆவாதுடா. பொய்னு சொல்லு. இப்பவே சொல்லு."

நைனா பேத்தியை நினைத்து, நிஜமாகவே பயந்துபோயிருந்தார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். நைனா எழுந்திருக்கவில்லை.

"சொல்லுடா."

"பொய்தான் நைனா" என்றேன்.